ஒரு முறம் தவிடும் ஒரு நீலச் சட்டையும்

1. தராசு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த உத்தரவு ஒன்றே ஒன்று. எடை பார்க்காத குழந்தைக்குப் பால் ஊற்றக் கூடாது. உத்தரவு போட்டவர் மதாம். பெரிய பிரெஞ்சு உத்தியோகஸ்தர் ஒருவரின் மனைவி. எங்கள் பால் நிலையத்தை நடத்திய சீமாட்டிகள் கமிட்டிக்குத் தலைவி. புதுச்சேரியில் மதாம்களுக்குப் பஞ்சமே கிடையாது. இருந்தாலும் மொட்டையாக மதாம் என்று சொன்னால் எங்களுக்கு இவர் ஒருவர்தான்.

முப்பதுகளின் தொடக்கம் அது. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளைக்காரர்கள், மேற்கே நாங்கள். மேற்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு பழைய வீட்டின் முன்கூடத்தில் பால் நிலையம் இருந்தது. ஏழைத் தாய்மார்கள் வாரம் இரண்டு நாள் கைக்குழந்தையோடு வருவார்கள். குழந்தையை எடை போட்டு, எடையை அட்டையில் எழுதி, காய்ச்சிய பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுப்போம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்து, ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பழகி, கஞ்சி போட்ட வெள்ளைக் கவுனோடு போய் நின்றேன். பெயர் ரோசாலி. கவுனைப் பார்த்ததும் என்னைவிட மூத்த பெண்கள்கூட ரோசாலியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மரியாதை எனக்குத்தான் என்று நானும் நம்பினேன்.

தராசு பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்தது. வெள்ளை எனாமல் தட்டு, பித்தளைக் கோல். மதாம் அதைத் தொட்டுக் காட்டிய பயபக்தியைப் பூசை வைக்கும் சாமியாரிடம்கூட நான் பார்த்ததில்லை. தாய்மார்களோ அதைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார்கள். நிறுத்துப் பார்த்த பிள்ளை பெருக்காது என்பது அவர்கள் கணக்கு. "வெறகா, உப்பா, நிறுத்துப் பாக்க?" என்று முதல் நாளே ஒருத்தி என்னிடம் கேட்டாள். அதை அப்படியே மதாமிடம் பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பால் வேண்டும், தராசு வேண்டாம். என்ன செய்வார்கள்? பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் இரும்புச் சாவி, வளையம், ஓட்டைக் காசு என்று என்னென்னவோ கட்டிக்கொண்டு வந்தார்கள். எடை பிள்ளையுடையது மட்டும் இல்லை, சாவியுடையதும் சேர்ந்தது என்று ஆகிவிட்டால் கண் திருஷ்டிக்குக் குறி தப்பிவிடுமாம். அவிழ்க்கச் சொன்னால் அழுவார்கள். அவிழ்க்காவிட்டால் மதாம் அழுவார். நான் மூன்றாவது வழி கண்டுபிடித்தேன். சாவியோடு நிறுத்து, மனத்துக்குள் கழித்து, ஏதோ ஓர் எண்ணை எழுதினேன். அந்த எண்களை வைத்து மதாம் ஒவ்வொரு மாதமும் கட்டம் போட்ட தாளில் மேலும் கீழும் கோடு வரைந்து, இந்த ஊர்க் குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றி பாரீசுக்குக் கட்டுரை அனுப்பினார்.

குழந்தையை எப்படி வளர்ப்பது என்று அவரிடம் ஒரு சிறு புத்தகமும் இருந்தது. மூன்று மணிக்கு ஒருமுறை பால், அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் கூடாது. அழுதால் தூக்காதே. தனியே தூங்க வை. இடுப்பில் சுமக்காதே. வாரத்தில் ஒரு நாள் அதைத் தாய்மார்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. கடிகாரமே இல்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஒருத்தி ரொம்ப யோசித்து, மில் சங்கு ஊதும்போது கொடுத்தால் பரவாயில்லையா என்று கேட்டாள். சங்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை ஊதும் என்று மதாம் விசாரித்துவிட்டு, போதாது என்று தீர்ப்புச் சொன்னார்.

2. கடைசிக் கட்டம்

அட்டையில் ஐந்து கட்டங்கள். பெயர், வயது, எடை, கொடுத்த பால், கடைசியாக "குறிப்பு". முதல் நாலும் எனக்குச் சலிப்பு. கடைசிக் கட்டம்தான் என் ராஜ்யம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அட்டைகளை எடுத்துக்கொண்டு கால்வாயைத் தாண்டி மதாம் வீட்டுக்குப் போவேன். கமிட்டிச் சீமாட்டிகள் நாலைந்து பேர் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மதாம் அட்டைகளை உரக்கப் படிப்பார். "குழந்தையின் கன்னத்தில் கரி. தாயார் அதை அழகு என்கிறாள்." சிரிப்பு. "கழுத்தில் நாலு தாயத்து, குளித்த அடையாளம் இல்லை." சிரிப்பு. நான் கதவோரம் நின்றுகொண்டிருப்பேன். யாரும் உட்காரச் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் சிரித்தால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அடுத்த வாரம் இன்னும் நன்றாக எழுத வேண்டும் என்று வீட்டுக்கு நடக்கும்போதே வாக்கியம் சேர்ப்பேன். என் சொந்த ஜனங்களை அந்நியப் பாஷையில் கேலி பண்ணுவதற்கு எனக்கு மாதச் சம்பளம் கிடைத்தது.

அந்த வீட்டில் மதாமின் மகன் இருந்தான். நாலு வயது. எப்போது பார்த்தாலும் நீலம். நீலச் சட்டை, நீலக் கால்சராய், காலுறைகூட நீலம். சமையற்காரி எனக்கு விவரம் சொன்னாள். மதாமுக்கு முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் இறந்துவிட்டது. இவன் பிறந்ததும் அவனை மாதாவுக்கு நேர்ந்துவிட்டார். ஏழு வயது முடியும்வரை மாதாவின் நிறத்தைத் தவிர வேறு எதுவும் அவன் உடம்பில் படக் கூடாது. கேட்டு எனக்குக் கண் கலங்கியது. என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன். அதையும் கன்னத்துக் கரியையும் நான் ஒரே மனத்தில்தான் வைத்திருந்தேன், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

செங்கேணி வந்தது அந்தக் கோடையில். முத்தியால்பேட்டைக்காரி. புருஷனுக்கு மில்லில் நெசவு வேலை, இவள் வீட்டில் நூல் சுற்றுவாள். இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தை, கொழுகொழுவென்று. பெயர் கேட்டேன்.

"குப்பம்மா."

"உன் குழந்தைதானே?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இல்லீங்கம்மா. எங்க பக்கத்து வூட்டு அஞ்சல அக்காவுது. தவுட்டுக்கு வாங்குனது. நா சும்மா பாத்துக்குறேன்."

குழந்தை அவள் மாராப்பை இழுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கிற இந்தக் காலத்து நர்ஸ் பெண்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். பெற்ற பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போனால், அடுத்தது பிறந்த உடனே முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, யாரோ வீசிய பிள்ளை என்று எடுத்துக்கொண்டு, தாயின் கையில் ஒரு முறம் தவிட்டைக் கொடுப்பாள். பிறகு வளர்க்கச் சொல்லித் தாயிடமே திருப்பித் தந்துவிடுவாள். அன்றிலிருந்து அது தாயின் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. யாருக்கும் வேண்டாத குப்பை என்று எமன் கடந்து போய்விடுவான் என்று ஒரு நம்பிக்கை. குப்பையை வைத்தே பெயரும் இடுவார்கள், ஆண் பிள்ளை என்றால் மூக்கும் குத்திவிடுவார்கள். தாய் வாய் திறந்து என் பிள்ளை என்று சொல்லிவிட்டால் அத்தனையும் வீண்.

இது எனக்குத் தெரியுமா? நன்றாகத் தெரியும். என் தெருவிலேயே இரண்டு குப்பம்மாக்கள் இருந்தார்கள். தெரிந்துகொண்டேதான் கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: "ஒரு முறம் தவிட்டுக்கு விற்கப்பட்ட குழந்தை. விற்றவளே கூலிக்குப் பால் கொடுக்கிறாள்." இரண்டாவது வாக்கியம் என் சொந்தச் சரக்கு. கூலி என்ற பேச்சே அங்கே எழவில்லை. சிரிப்புக்கு ஒரு வீச்சு வேண்டும் என்று சேர்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதாம் வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போயிருந்தார். அட்டை யாரும் படிக்காமல் பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது. நானும் மறந்துவிட்டேன்.

3. அழகான குழந்தைக்குப் பரிசு

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கமிட்டி ஒரு போட்டி வைத்தது. சிறந்த குழந்தைப் போட்டி. எடை, பல், தோல், நடத்தை என்று நாலு பாடத்தில் மதிப்பெண். ஒன்பது மாதக் குழந்தைக்கு நடத்தை என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? வெள்ளைக்கார டாக்டர் தலைகீழாகத் தூக்கிப் பார்க்கும்போது அழாமல் இருப்பது. நான் படித்த கன்னியர் பள்ளியிலும் நல்ல பிள்ளை என்றால் சத்தம் போடாத பிள்ளைதான். அதனால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

தாய்மார்கள் வர மறுத்தார்கள். ஊர் கூடியிருக்கும் இடத்தில் பிள்ளையை உயர்த்திப் பிடித்து இதுதான் கொழுத்தது என்று காட்டுவதை எவள் ஒப்புவாள்? மதாம் ஆச்சரியப்பட்டார். என்னிடம் யோசனை கேட்டார். வராதவர்களின் அட்டையைக் கிழித்துவிடுவதாகச் சொல்லலாம் என்றேன். சொன்னேன். நாற்பது பேர் வந்தார்கள். கமிட்டிக்கு மகா சந்தோஷம், ஜனங்களிடம் விழிப்பு வந்துவிட்டதாம்.

கடலோரம் ஒரு பெரிய கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நடந்தது. குப்பம்மாவுக்குத்தான் முதல் பரிசு. அவள் அழவில்லை, டாக்டரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு விடவும் இல்லை. படம் பிடிக்க ஒரு சீமாட்டி அவளைத் தூக்கிக்கொண்டார். கன்னத்தில் இருந்த மைப் பொட்டைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையில் வாசனைத் தண்ணீரை நனைத்து அழுத்தித் துடைத்தார். கூட்டம் கை தட்டியது.

செங்கேணி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். குழந்தையைப் பிடுங்கினாள். தன் காலடி மண்ணைத் தொட்டு எடுத்து அதன் நெற்றியிலும் கன்னத்திலும் பூசினாள். "இத்தினி கண்ணும் எம்..." என்று ஆரம்பித்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். பரிசாகக் கொடுத்த மஞ்சள் மயிர்ப் பொம்மையை அவள் தொடவே இல்லை. தரையில் கிடந்த பொம்மையை நான்தான் எடுத்தேன்.

மதாமுக்கு முகம் சிவந்துவிட்டது. இவள் யார், இவள் பெயர் என்ன என்று அட்டையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கடைசிக் கட்டம் ஞாபகத்துக்கு வந்தபோது அட்டை அவர் கைக்குப் போயிருந்தது. படித்தார். இரண்டாம் முறை படித்தார். சிரிக்கவில்லை.

"இது உண்மையா?" என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். கேலிக்கு எழுதினேன், அது ஒரு வழக்கம், அந்தக் குழந்தை அவள் பெற்றது என்று மூன்று வார்த்தை. பக்கத்தில் டாக்டர் நின்றார், சீமாட்டிகள் நின்றார்கள். அவர்கள் முன்னால் பொய் எழுதியவள் என்று ஆக எனக்கு மனம் வரவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன்.

4. கொமிசேர் மேஜை

செவ்வாய்க்கிழமை போலீஸ் அதிகாரி கொமிசேர் விசாரணைக்கு அழைத்துவிட்டார். பிரெஞ்சு மண்ணில் மனிதரை வாங்குவதும் விற்பதும் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று மதாம் மனுவில் எழுதியிருந்தார். சரியான வாக்கியம்தான். குற்றம் ஊர்ஜிதமானால் குழந்தையை அன்றைக்கே கன்னியர் அநாதை இல்லத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது கோரிக்கை. அங்கே தொட்டில்கள் வரிசையாக, தனித்தனியாக, சுத்தமாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கொமிசேர். பக்கத்தில் அவருடைய தமிழ்க் குமாஸ்தா குப்புசாமி, பேனாவோடு. நாற்காலியில் மதாம். இந்தப் பக்கம் செங்கேணியும் அஞ்சலையும் நின்றார்கள். குழந்தை செங்கேணி இடுப்பில். மொழிபெயர்க்க நான். புருஷன்காரன் மில்லில் விடுப்புக் கேட்டு, கிடைக்காமல், வாசலுக்கே வரவில்லை.

முனிசிபல் பதிவேட்டிலிருந்து பிறப்புப் பத்திரம் வந்திருந்தது. தாய் பெயர் செங்கேணி. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். கொமிசேர் அப்படி நினைக்கவில்லை. பெற்றவள் இவள் என்றால் விற்றவளும் இவள்தான், குற்றம் இன்னும் தெளிவாகிறது என்றார். தர்க்கத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அஞ்சலையை விசாரித்தார்கள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும், நல்ல தைரியசாலி. அவள் இல்லை என்று தலையை ஆட்டினால் போதும், வழக்கு பொய் என்று போய்விடும். ஆனால் தோழியின் பிள்ளையைக் காப்பாற்ற வந்தவள் அவள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "நாந்தான் வாங்குனேன். ஒரு மொறம் தவுடு, தலைதட்டி அளந்து குடுத்தேன். எந்தக் கோயில்ல வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்."

மொழிபெயர்த்தேன். கொமிசேர் திருப்தியாக எழுதிக்கொண்டார்.

பிறகு செங்கேணியிடம் ஒரே கேள்வி. விற்கவில்லை, இது என் குழந்தை என்று வாக்குமூலம் கொடுத்தால் கொண்டுபோகலாம். சம்மதமா?

நான் அவள் காதோரம் போனேன். ஒரே ஒரு தரம் எம்புள்ளன்னு சொல்லிடு, தூக்கிக்கிட்டு வூட்டுக்குப் போயிடலாம் என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு புள்ளய எம்புள்ள, எம்புள்ளன்னு கொஞ்சித்தாம்மா குழியில வெச்சேன். பத்து மாசம் தாண்டல ரெண்டும். இதக் கன்னியருங்ககிட்டயே உட்டுடுங்க. எங்கயோ உசுரோட இருந்தா போதும். நா சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டுக் குழந்தையை என்னிடம் நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை, நான் வாங்கிக்கொண்டேன். குழந்தைக்கு என்ன தெரியும், என் கவுனின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அவள் ஆம் என்றாள் என்று பொய்யாக மொழிபெயர்த்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. குமாஸ்தா இருந்தார், தமிழ் தெரிந்தவர். அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். கோட்டு, கழுத்துப்பட்டி, சீவிவிட்ட மீசை. வலது மூக்கில் தூர்ந்துபோன ஒரு துளை. பெயரோ குப்புசாமி. அந்த அறையில் நடப்பது என்ன என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். காலையிலிருந்து வாய் திறக்கவில்லை.

"ஐயா, உங்க மூக்குல அந்த ஓட்டை எப்பிடி வந்துச்சுன்னு கொமிசேர்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் கை தானாக மூக்குக்குப் போனது. "சின்ன வயசுல முள்ளு குத்திடுச்சு" என்றார்.

எத்தனையோ கோழைகளைப் பார்த்திருக்கிறேன், பெற்ற தாய் குத்திய மூக்கை முள் குத்தியது என்று சொன்னவரை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவராவது ஒரு துளையைத்தான் மறைத்தார். நான் ஒரு குழந்தையையே எழுதித் தொலைத்திருந்தேன்.

குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு மதாம் பக்கம் திரும்பினேன். பிரெஞ்சில் கேட்டேன். உங்கள் மகன் யாருடைய பிள்ளை, மதாம்?

அவருக்குப் புரியவில்லை. ஏழு வயதுவரை நீலம் போடுகிறானே, அவனை யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றேன்.

புனித கன்னிக்கு என்றார், தானாக, யோசிக்காமல்.

ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கொமிசேர் ஒரு தாள் எழுதட்டும், அவனை யாருக்கும் கொடுக்கவில்லை, அவன் என் பிள்ளை மட்டும்தான் என்று அதில் இருக்கட்டும், நாளை அவனுக்குச் சிவப்புச் சட்டை போட்டு அனுப்புங்கள், இந்தப் பெண்ணும் அதே தாளில் கைநாட்டு வைப்பாள் என்றேன். உங்களைப் போல் இவளும் பிள்ளையைப் புதைத்தவள், ஒன்றல்ல, இரண்டை, இவள் போகிற கோவிலில் மாதா இல்லை, அதனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள் என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை.

அது வேறு என்றார் மதாம். எப்படி வேறு என்று கேட்டேன். அது விசுவாசம் என்றார். பிறகு கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். செங்கேணியைப் பார்த்தார். அத்தனை மாதங்களில் பிள்ளையின் கன்னக் கரியையோ தாயத்தையோ பார்க்காமல் அவளையே பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். கொமிசேரிடம், குழந்தை அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும், அட்டையில் தவறு நேர்ந்திருக்கிறது என்றார்.

கொமிசேருக்குச் சாப்பாட்டு நேரம். இருந்தாலும் ஒழுங்கான மனிதர், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எழுதும்போது இது வழக்கம் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று சொன்னால் தப்பிக்கலாம், அறியாப் பெண் என்று விட்டுவிடுவார்கள். தெரியும் என்றேன். கூலி என்று எழுதியது நானே சேர்த்த பொய் என்றும் சொன்னேன். குப்புசாமி அதை மட்டும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

5. காலாப்பட்டு

அந்த மாதமே என்னைக் காலாப்பட்டுக்கு மாற்றினார்கள். அங்கே அப்போது மீன்பிடி குப்பங்கள், ஒரு சின்ன மருந்து அறை, நான். அம்மை குத்துவதும் பிரசவம் பார்ப்பதும் வேலை. தண்டனை என்றுதான் அனுப்பினார்கள். போட்டி அடுத்த வருஷமும் நடந்ததாகக் கேள்வி. படம் பிடிக்கும்போது மைப் பொட்டைத் துடைக்க வேண்டாம் என்று மதாம் சொல்லிவிட்டாராம். அதற்குமேல் அவர் மாறினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் புத்தகத்தில் பால் நேரம் இன்னும் மூன்று மணிக்கு ஒருமுறைதான் இருந்திருக்கும்.

இளம் நர்ஸ் பெண்களே, பாடம் என்று ஒன்று கேட்பீர்கள். சொல்கிறேன். குழந்தையை எப்படி வளர்ப்பது என்று அந்த ஊரில் எல்லோரிடமும் ஒரு தீர்ப்பு இருந்தது. மதாமிடம் புத்தகம், கன்னியரிடம் தொட்டில் வரிசை, கொமிசேரிடம் சட்டம், என்னிடம் ஒரு கட்டம். செங்கேணியின் முதல் இரண்டு குழந்தைகளும் எதனால் செத்தன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு அட்டையில் இடமும் இல்லை. அவள் தெருவில் சாக்கடையும் கிணறும் எவ்வளவு பக்கம் என்று போய்ப் பார்க்க எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் அந்த நேரத்தில் வாக்கியம் சேர்த்துக்கொண்டிருந்தேன். எடையை எழுதுங்கள். காய்ச்சலை எழுதுங்கள். கிணற்றைப் போய்ப் பாருங்கள். யாரையாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று கை ஊறினால் பேனாவை மூடி வைத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். காலாப்பட்டுக்கு வந்து ஐந்தாவது வருஷம், ஒரு காலை நேரம், மருந்து அறை வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் குழந்தை, இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. செங்கேணியை அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அஞ்சலையிடம் ஒரு முறம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அம்மன் கோவிலில் பொங்கல் வைத்தாகிவிட்டது. இனிப் பயமில்லையாம்.

"அன்னிக்கி அட்டையில எழுதுனீங்களே" என்றாள். "இப்ப எழுதுங்கம்மா. இது எம்புள்ள."

அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவளே ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

அட்டை என்னிடம் ஏது? இருந்திருந்தாலும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த அட்டை கிடையாது. அம்மை குத்திய சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன்: குப்பம்மா, செங்கேணியின் மகள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள், படித்தேன். சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். படியிறங்கும்போது நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வேற ஒண்ணும் எழுதிடலையே?" என்று கேட்டாள்.